தலை ஒட்டிய புத்தரும் வயல்வெளிப் புத்தரும்

(உடன்குடியில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் இன்று பேச எழுந்ததற்குக் காரணம் நம்மீது வந்திருக்கும் ஒரு குற்றச்சாட்டேயாகும். சென்ற தை மாதத்துப் பௌர்ணமியன்று நாமும் நம் தோழர்கள் நால்வரும் சேலம் ஜில்லாவுக்குப் போய் ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு வந்தோம். அந்தச் சேதி நமக்கு முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. "கோயிலும் வேண்டாம் குளமும் வேண்டாமென்று மேடையில் கத்துகிறவர்கள் இராத்திரியோடு இராத்திரியாய் பஸ் ஏறிக் கோயிலுக்குப் போனார்களாம், செருப்பைக்கூட வெளியே கழற்றிப் போட்டார்களாம்" என்று கடைத்தெருவில் பேச்சு நடக்கின்றது. கருப்பட்டிக் கடையில் ஒரு பெரியவர் நேரிலேயே, "என்ன அண்ணாச்சி, பக்கத்துல திருச்செந்தூர் இருக்க, சாமி கும்பிட சேலத்துக்கா போனிய?" என்று கேட்டும் விட்டார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பிறரைக் கேள்வி கேட்கின்றவன் தன்னைக் கேட்டால் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆகவே, போனதும் வாஸ்தவம், செருப்பைக் கழற்றியதும் வாஸ்தவம் என்று முதலில் ஒப்புக்கொள்ளுகின்றோம். எதற்காகப் போனோம், எதைக் கண்டோம், ஏன் கழற்றினோம் என்பதையும் சொல்லுகின்றோம். கேட்டபிறகு உங்களுக்குத் தப்பென்று தோன்றினால் தப்பென்றே சொல்லுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்ப வேண்டியதில்லை.

சேலத்தில் கண்டது

சேலம் நகரத்தில் கோட்டை ரோட்டில் பெரியேரி என்ற இடத்தில் "தலைவெட்டி முனியப்பன்" என்று ஒரு சாமி உண்டு. சேலத்துப் பக்கம் முனியப்பன் என்றால் உங்களுக்குத் தெரியாததல்ல. நம் பக்கத்தில் சுடலைமாடன் எப்படியோ அப்படித்தான். பெரிய மீசை, உருட்டிய கண், கையில் ஆயுதம், காலடியில் ஆடும் கோழியும் வெட்டுவது, இதுதான் முனியப்பன் என்ற பேருக்குரிய யோக்கியதை. ஆனால் இந்த முனியப்பனுக்கு மீசையில்லை; ஆயுதமில்லை. தாமரைப் பீடத்தின்மேல் கால் மடித்து உட்கார்ந்து, மடியில் கையின்மேல் கை வைத்து, நீண்ட காதும் சுருண்ட முடியுமாய்த் தியானம் செய்துகொண்டிருக்கின்றார். கழுத்தைச் சுற்றிப் பார்த்தால் ஒட்டுப்போட்ட வடு. தலை ஒரு காலத்தில் துண்டாகிப் பிறகு சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டப்பட்டிருக்கின்றது. அதுவும் நேராக ஒட்டவில்லை, சற்றே விலகியிருக்கின்றது.

இது முனியப்பன் அல்ல, புத்தர் என்று சேலத்துப் புத்தர் அறக்கட்டளையார் 2011-ல் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். அறநிலைய இலாகா, "நெடுங்காலமாக முனியப்பன் என்றே கும்பிட்டு வருகின்றார்கள், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிற்று. கோர்ட்டார் தொல்லியல் துறையைப் பார்த்து, சிலையைச் சோதித்து அறிக்கை கொடுங்கள் என்று 2017-ல் உத்தரவு போட்டார்கள். அத்துறையினர் வந்து பீடத்தைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள், காதையும் தலைமுடியையும் பார்த்தார்கள். இது புத்தரே என்று எழுதிக் கொடுத்தார்கள். 2022 ஜூலையில் தீர்ப்பாயிற்று. புத்தர் என்று தெரிந்தபிறகு முனியப்பனாகவே வைத்திருப்பது பொருந்தாது. இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளட்டும். இது புத்தர் சிலை என்று பலகை வைக்கட்டும். ஜனங்கள் யாரும் வந்து பார்க்கலாம். ஆனால் பூஜையோ சடங்கோ கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

தோழர்களே! இந்தத் தீர்ப்பில் கடைசி வரிதான் நமக்கு முக்கியம். முனியப்பன் போனார், புத்தர் வந்தார், இனி புத்தருக்குத் தேங்காய் உடையுங்கள் என்று சொல்லியிருந்தால் அதனால் யாருக்கு என்ன லாபம்? ஆடு வேண்டுமானால் பிழைத்திருக்கும், அறிவு பிழைத்திருக்காது.

எத்தனை வேஷம்!

நமக்கு அடுத்த குலசேகரப்பட்டினத்துத் தசராவில் வேஷம் கட்டுவதை வருஷந்தோறும் பார்க்கின்றீர்கள். இராஜாவும் குறவனும் காளியும் கரடியுமாக வேஷம் கட்டித் தெருத்தெருவாகக் காணிக்கை எடுத்தவன், திருவிழா முடிந்தால் சாயத்தைக் கழுவிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகின்றான். ஆனால் புத்தருக்குக் கட்டிய வேஷம் இன்னும் கலைந்தபாடில்லை!

அவர் உயிரோடிருந்த காலத்தில் செய்தது என்ன? வேதத்தைப் பிரமாணமென்று ஒப்பவில்லை. யாகத்தில் உயிரைக் கொல்லாதே என்றார். பெரியவர் சொன்னார், பழைய நூலில் எழுதியிருக்கின்றது, பரம்பரையாய் வருகின்றது என்பதற்காக ஒன்றை நம்பாதே, நீயே ஆராய்ந்து பார் என்று காலாமர்களுக்குச் சொன்னதாக அவர்களுடைய நூலே சொல்கின்றது. சாக்கிய இராஜகுமாரர்களும் அவர்கள் வீட்டு நாவிதனான உபாலியும் ஒன்றாகச் சங்கத்தில் சேர வந்தபோது, உபாலியை முதலில் சேர்த்தார்கள். எதற்காக? பின்னால் சேரும் இராஜகுமாரன் முன்னால் சேர்ந்த நாவிதனை வணங்க வேண்டும். அவன் குலத்திமிர் அங்கேயே ஒழியவேண்டும் என்பதற்காக.

இப்படிப்பட்டவரின் உருவத்தை, அவர் இறந்து சுமார் ஐந்நூறு வருஷம் வரையில் அவருடைய ஆட்களே கல்லில் செதுக்கவில்லை. அடிச்சுவடு, சக்கரம், அரசமரம், வெறும் ஆசனம் இவைகளைத்தான் செதுக்கினார்கள். பிறகு மதுராவிலும் காந்தாரத்திலும் சிலை வந்தது. சிலை வந்தால் பூ வரும், பூ வந்தால் பூசாரி வருவான். அடுத்து, அவரை விஷ்ணுவின் ஒன்பதாவது அவதாரம் என்றார்கள். சேலத்தில் முனியப்பன் ஆக்கினார்கள். டாக்டர் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14-ம் தேதி நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தரானபோது, எடுத்துக்கொண்ட 22 உறுதிமொழிகளில் ஒன்று, புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை நம்பமாட்டேன் என்பது. வேஷத்தைக் கலைப்பதற்கே ஒரு பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது என்றால், சாயம் எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

புராணமே கொடுக்கும் வாக்குமூலம்

தமிழ்நாட்டில் புத்தர்கள் எப்போது இருந்தார்கள் என்று சிலர் கேட்கின்றார்கள். ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து வந்த யுவான் சுவாங், காஞ்சியில் சுமார் நூறு மடங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதினார். நாளந்தாப் பள்ளிக்குத் தலைவராயிருந்த தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். நாகப்பட்டினத்தில் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற கிராமத்தை விட்டதைச் செப்பேடு சொல்லுகின்றது. அங்கே மிஞ்சி நின்ற கோபுரமும் 1867-ல் இடிக்கப்பட்டுவிட்டது. 1856 முதல் அந்த மண்ணிலிருந்து கிடைத்த செப்புப் படிமங்கள் மட்டும் முந்நூறுக்கு மேல்.

இவ்வளவும் எப்படிப் போயிற்று? இன்னார்தான் சேலத்துப் புத்தரின் தலையை வெட்டினார் என்று நாம் சொல்ல வரவில்லை. சாட்சியில்லாமல் குற்றம் சாட்டுவது புராணக்காரர் வேலை, நம் வேலையல்ல. ஆனால் அந்தப் புராணக்காரர் தாமாகவே கொடுக்கும் வாக்குமூலத்தை எடுத்துக்காட்ட நமக்கு உரிமையுண்டு. பெரியபுராணத்தில் சம்பந்தர் கூட்டம் போதிமங்கை என்ற ஊர் வழியாகப் போகின்றது. அங்கிருந்த பௌத்தர்களின் தலைவன் புத்தநந்தி, வாதம் செய்து வென்றபிறகு சின்னம் ஊதுங்கள் என்று மறிக்கின்றான். உடனே சம்பந்தரின் அடியார் ஒருவர் பதிகம் பாட, இடி விழுந்து புத்தநந்தியின் தலை அறுந்து வேறாக விழுகின்றது. வாதத்துக்கு வா என்று கூப்பிட்டவனுக்குக் கிடைத்த பதில் இது! வைணவர்களின் குருபரம்பரைக் கதையோ, திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைத் திருடிக்கொண்டுபோய் உருக்கி ஸ்ரீரங்கத்துத் திருப்பணி செய்தார் என்று பெருமையாகச் சொல்லுகின்றது. இவை நடந்தனவோ இல்லையோ, தலை அறுந்ததையும் சிலை திருடியதையும் புண்ணியம் என்று எழுதி வைத்துப் பாராயணமும் செய்கின்றார்கள் என்றால், அந்த மனப்பான்மை நடந்த சமாசாரம்தானே?

தியாகனூர்

சேலத்திலிருந்து ஆத்தூர் போய், அங்கிருந்து தலைவாசல் பக்கம் தியாகனூர் என்ற கிராமத்துக்குப் பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம். நம் தேரிக்காட்டில் பிறந்தவர்களுக்கு அந்த நாடே வேறொரு தேசமாகத் தோன்றும். இங்கே செம்மணலும் பனையும் உடைமரமும். அங்கே மழை முடிந்து ஈரம் காயாத வயல், ஒரு பக்கம் மக்காச்சோளத் தட்டை, ஒரு பக்கம் மரவள்ளி, வடக்கே கல்வராயன் மலை நீலமாய்க் கிடக்கின்றது. நம்மவர்களுக்குப் பதநீர் இறங்க இன்னும் நாள் இருந்தது. அதனால்தான் பனைவேலை செய்யும் தோழர் ஒருவரும் நம்மோடு வர முடிந்தது. அன்று தைப்பூசம். நம் பக்கத்துச் சாலைகளெல்லாம் பச்சை வேட்டியும் காவடியுமாகத் திருச்செந்தூரை நோக்கி நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், அந்தக் கிராமத்துப் பாதையில் ஒரு நாயும், விறகு சுமந்து வந்த ஒரு பெண்ணும் தவிர வேறு ஆளில்லை.

அங்கே கல்லில் செய்த பெரிய புத்தர் சிலைகள் இரண்டு இருக்கின்றன. இரண்டும் தியானத்தில் உட்கார்ந்த கோலம். ஒன்று முன்பு வெறும் வயல்வெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. இப்போது ஊரார் அதற்குத் தியான மண்டபம் கட்டியிருக்கின்றார்கள். வாசலில் கோபுரமில்லை, உண்டியல் பிடித்து நிற்கும் ஆளில்லை, அர்ச்சனைச் சீட்டு இல்லை. உள்ளே போனால் குளிர்ந்த தரை. மூக்கும் முகமும் காலத்தால் மழுங்கியிருந்தாலும், உதட்டில் இன்னும் ஒரு சாந்தம் இருக்கின்றது. செதுக்கினவன் நல்ல வேலைக்காரன் என்று தெரிகின்றது. அவனுடைய பேரை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் ஊர்ப் பெண்கள் சிலர் விளக்கும் பூவும் கொண்டுவந்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே வழிபாடு உண்டு. நம் தோழர்களில் ஒருவர், சற்று முன்கோபக்காரர், இதைப் பார்த்ததும் கொதித்துவிட்டார். "கடவுளை வைத்துப் பேசாதவனையே கடவுளாக்கிவிட்டார்களே, இங்கேயே நாலு வார்த்தை சொல்லுகின்றேன்" என்று எழுந்தார். அவர் வாயைத் திறக்குமுன் ஒரு மூதாட்டி நம்மைப் பார்த்து, "எந்த ஊருங்க சாமி?" என்று விசாரித்தார். சொன்னோம். "அத்தனை தூரத்திலிருந்தா!" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு அவர் சொன்னதுதான் நம்மை யோசிக்க வைத்தது. "எங்க பாட்டன் காலத்திலே இவரு வயலுக்குள்ளேதான் உட்கார்ந்திருந்தாருங்க. ஏரு ஓட்டுறவங்க இவரைச் சுத்தித்தான் ஓட்டுவாங்க. ஒருத்தரும் அசைச்சதில்லை. இவரு ஒண்ணும் கேக்கமாட்டாருங்க. ஆடு கேக்கமாட்டாரு, கோழி கேக்கமாட்டாரு. சும்மா உட்கார்ந்திருப்பாரு."

நம் முன்கோபத் தோழர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

நாம் கற்றுக்கொண்டது

தோழர்களே! அந்த அம்மையாரின் பேச்சில் நமக்கு ஒரு சங்கடம் இருக்கின்றது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். பக்தியினால்தான் அறிவு கெடுகின்றது என்று நாம் சொல்லி வருகின்றோம். ஆனால் அந்த வயலில் இருந்த கல்லை அம்மிக்கும் படிக்கல்லுக்கும் உடைக்காமல் காப்பாற்றியது எது? அந்த உழவர்களின் பக்திதானே? சேலத்தில் அறுந்து கிடந்த தலையை எடுத்து, உடம்போடு வைத்து, தங்களுக்குத் தெரிந்த சிமெண்டையும் சுண்ணாம்பையும் பூசி ஒட்டினவர்கள் யார்? எந்த இராஜாவுமல்ல, எந்த மடாதிபதியுமல்ல. பாமர மக்கள். அது யாருடைய தலையென்று அவர்கள் அறியார்கள். இருந்தும் ஒட்டினார்கள்.

ஆகவே பக்தி நல்லது என்று நாம் சொல்லவில்லை. காப்பாற்றின அதே கைதான் பேரையும் மாற்றிற்று. கல் தப்பிற்று, கருத்து தப்பவில்லை. புத்தரின் உடம்பு வயலில் பத்திரமாயிருந்தது. சிந்தித்துப் பார் என்று அவர் சொன்ன சொல் அவரைச் சுற்றி ஏர் ஓட்டினவன் காதில் ஒரு நாளும் விழவில்லை. அந்தக் குற்றம் ஏர் ஓட்டினவனுடையதல்ல. அவனுக்குப் படிப்பு கூடாதென்று வைத்தவர்களுடையது. நாம் சொல்வது என்னவென்றால், காப்பாற்றினவர்களைப் பரிகாசம் செய்ய நமக்கு உரிமையில்லை. அவர்களுக்குச் சொல்லவேண்டிய கடமைதான் உண்டு. "நீங்கள் வைத்திருப்பது யார் தெரியுமா? அவர் என்ன சொன்னார் தெரியுமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அன்றிரவு நிலா மேலே வந்து, பனி இறங்க ஆரம்பிக்கும் வரையில் அந்தப் பெண்களுக்கு நாம் உபாலியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். "அப்படிங்களா, நாவிதர் கால்லே ராசா விழுந்தாரா!" என்று ஒரு பெண் கேட்டுச் சிரித்தாள். ஒரு வருஷத்துப் பிரசங்கத்தைவிட அந்தச் சிரிப்பு மேலானதென்று நமக்குத் தோன்றிற்று.

தாமிரபரணிக்காரர்களுக்கு இதில் என்ன?

சேலத்துச் சங்கதி நமக்கெதற்கு என்று கேட்கலாம். நம் ஆறு எங்கே பிறக்கின்றது? பொதிகையில். யுவான் சுவாங் தமிழ்நாட்டுத் தெற்கில் மலய மலைக்குக் கிழக்கே போதலகம் என்று ஒரு மலை இருப்பதாகவும், அது அவலோகிதர் என்ற போதிசத்துவரின் இடமென்றும் எழுதினார். ஆராய்ச்சிக்காரர் சிலர் அது பொதிகையே என்கின்றார்கள். திபேத்தில் தலாய் லாமாவின் பொத்தலா அரண்மனைக்கு அந்த மலையின் பேர்தான். பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற இலக்கணம் செய்த புத்தமித்திரன், அகத்தியன் தமிழைக் கேட்டது அந்த அவலோகிதனிடத்தில் என்கின்றான். இதுவும் கதைதான், நாம் நம்பச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கதையில் ஒரு கதை மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிகின்றது, மற்றொன்று வித்துவான்களுக்கு மட்டும் தெரிகின்றது என்றால், அது ஏனென்று கேட்க வேண்டாமா?

இன்னொன்றும் சொல்லுகின்றோம். நம் பனைநாட்டு மக்களுக்குக் கோயில் வாசல் என்றால் என்ன என்பது ஏட்டுச் சமாசாரமல்ல. கமுதிக் கோயிலில் 1897-ல் நாடார்கள் நுழைந்தார்கள் என்பதற்காக வழக்குப் போட்டு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரையில் கொண்டுபோய், 1908-ல் அவர்களுக்கு உள்ளே போக உரிமையில்லை என்று தீர்ப்பு வாங்கினார்கள். நாலு வேலி பனையிலிருந்து பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சி ஊருக்கெல்லாம் இனிப்புக் கொடுத்தவன் தொட்டால் தீட்டு என்றார்கள். நாவிதனை இராஜகுமாரனுக்கு மூத்தவனாக்கினவரின் சிலை வயலில் அநாதையாய்க் கிடந்த தேசத்தில்தான் அந்தத் தீர்ப்பு சாத்தியமாயிற்று. பண்டிதர் அயோத்திதாசர் 1898-ல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவி வந்து சென்னையில் சங்கம் வைத்ததும், தாழ்த்தப்பட்ட மக்கள் பழைய பௌத்தர்களே என்று வாதித்ததும் இந்த வயிற்றெரிச்சலினால்தான். அவர் முடிவை ஒப்புக்கொள்ளுகிறவரும் மறுக்கிறவரும் உண்டு. அந்த வயிற்றெரிச்சல் நியாயமானது என்பதை யாரும் மறுக்க முடியாது.

செருப்பைக் கழற்றியது ஏன்?

இனிக் கருப்பட்டிக் கடைப் பெரியவருக்குப் பதில். அண்ணாச்சி! நாம் கும்பிடப் போகவில்லை, பார்க்கப் போனோம். கையைக் குவிக்கவில்லை, சூடம் ஏற்றவில்லை, ஒன்றையும் வேண்டிக்கொள்ளவில்லை. கல்லினிடத்தில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது என்பது நமக்குத் தெரியும். அவரும் அதைத்தான் சொன்னார். செருப்பைக் கழற்றினோம், ஏனென்றால் அந்த அம்மையார் தம் கையால் கூட்டிப் பெருக்கித் துடைத்து வைத்திருந்த தரை அது. உங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தாலும் நாம் கழற்றித்தான் ஏறுவோம். அது கல்லுக்குக் கொடுத்த மரியாதையல்ல. மனுஷிக்குக் கொடுத்த மரியாதை. சுயமரியாதை என்பது பிறர் மரியாதையை மிதிப்பதாகாது.

ஆகவே, தோழர்களே! அடுத்த தையில் பதநீர் இறங்குமுன் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்களும் போய்ப் பாருங்கள். தேங்காய் வேண்டாம், பழம் வேண்டாம். ஒரு நோட்டுப் புஸ்தகமும் பென்சிலும் போதும். பிள்ளைகள் அந்தக் கழுத்தின் ஒட்டைப் பார்த்து, "ஏம்ப்பா வெட்டினாங்க?" என்று கேட்கும். நீங்கள் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். நம் பக்கத்தில் கிணறு தோண்டும்போதோ மணல் அள்ளும்போதோ பழங்கல் ஒன்று கிடைத்தால், அதற்கு மஞ்சள் பூசிப் பேர் வைப்பதற்கு முன்னால் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். யாரென்று தெரிந்துகொள்ளுமுன் கும்பிடவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம்.

 நாம் சொன்னதில் தப்பிருந்தால் கடைத்தெருவில் பேசாமல் இந்த மேடையிலேயே வந்து பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகின்றோம்.